நேராகப் போக வேண்டிய கார்

முதல் பஸ்ஸை எடுக்கிறவளுக்கு டெப்போவுக்குப் போக பஸ் கிடையாது. இந்தச் சின்ன விஷயம் ஊரில் யாருக்கும் உறைப்பதில்லை. விடிந்தும் விடியாமலும் நிறுத்தத்தில் வந்து நிற்கிறவர்கள், பஸ் தானாகவே கிளம்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் மட்டும் அதை ஒருத்தி ஓட்டுகிறாள் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

டெப்போவில் அவளைப் பதினேழு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்துமூன்று. பதினேழு என்பது அவள் பதினாறு வருடமாக ஓட்டுகிற தடத்தின் எண். இத்தனை நாளும் பக்கத்துத் தெரு மீசைக்காரர், அவரும் ஓட்டுநர்தான், தன் காரில் அவளை டெப்போவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். போன மாதம் அவரை வேறு டெப்போவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நடைதான். ஆறு கிலோமீட்டர். ஒரே மாதத்தில் இரண்டு தடவை தாமதம். மேலாளர் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், "இன்னொரு தடவைன்னா முதல் சர்வீஸை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

"ஒரு கார் வாங்கிட வேண்டியதுதானே" என்றார் கணவர், ஒரு குடை வாங்கச் சொல்வதுபோல. அவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். அவருக்குச் சைக்கிளே தகராறு.

கார் கிடைத்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு பல் டாக்டருடையது. சாம்பல் நிறம், கீறல் அதிகமில்லை, உள்ளே மட்டும் கிராம்பு எண்ணெய் வாசனை. டாக்டர் இரண்டு நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போகிறார். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்து, "அடடா, டெஸ்ட் தேதி போன வாரமே முடிஞ்சுபோச்சு போலிருக்கே" என்றார். காரின் தகுதிச் சான்று காலாவதியாகிவிட்டது. "பரவாயில்ல, எடுத்துட்டுப் போங்க. யாரு பாக்கப்போறா?"

பல்லைப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? டெப்போவில் ஒரு விதி உண்டு. சொந்த வண்டியில் போகும்போதுகூட ஓட்டுநர்மேல் ஒரு வழக்குப் பதிவானால் போதும், ஒரு வருடம் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. டிக்கெட் கூண்டுக்குள் உட்கார வேண்டியதுதான். போன வருடம் ஒருத்தர் அப்படிப் போய் உட்கார்ந்தார். இன்னும் எழுந்து வரவில்லை. பதினாறு வருடத்தில் அவள் பதிவேட்டில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸேறி வீடு திரும்பினாள்.

அப்புறம் வேறு வழியில்லாமல் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

நாத்தனார் என்றால் கணவரின் அக்கா. வாகனப் பதிவு அலுவலகத்தில் ஆவணப் பிரிவு. சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று சொல்வார்களே, அந்த ரகம். ஆளில்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை நடைபாதையிலேயே நிற்பாள். இவளுக்கும் அவளுக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சு இருந்தால்தானே! அலுவலகத்துக்குத் தினமும் பதினேழில்தான் போவாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் முதல் இருக்கை. ஏறுவாள், பாஸைக் காட்டுவாள், உட்காருவாள், கண்ணை மூடிக்கொள்வாள். இறங்கும்போதுதான் திறப்பாள். பதினாறு வருடத்தில் பஸ்ஸுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. தம்பி பெண்டாட்டி பஸ் ஓட்டுவது அவளுக்குக் கௌரவக் குறைச்சல், அதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் கண்ணை மூடுகிறாள் என்று இவள் என்றைக்கோ முடிவுகட்டி வைத்திருந்தாள். கண்ணாடியில் அந்த மூடிய முகம் தெரியும்போதெல்லாம் கொஞ்சம் வலிக்கும். வண்டி ஓட்டுகிறவள் வலியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, அடுத்த நிறுத்தம் வந்துவிடும்.

நாத்தனார் முழுவதையும் கேட்டாள். பிறகு கோப்பைப் பார்த்துப் படிப்பதுபோலச் சொன்னாள்: "சான்று இல்லாத வண்டியை ரோட்டுல எடுக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு. டெஸ்டுக்கு முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்கணும். அந்த டெஸ்டுக்குப் போறதுக்காக மட்டும் ஓட்டலாம். இன்ஷூரன்ஸ் உன் பேர்ல இருக்கணும். பிரேக், டயர் எல்லாம் சரியா இருக்கணும். முக்கியமா, நேராப் போகணும். நடுவுல கடை, கண்ணி, சொந்தக்காரங்க வீடுன்னு திரும்பினா அந்தச் சலுகை போச்சு. அப்புறம் நீ சும்மா சான்று இல்லாம ஓட்டறவதான்."

"அங்கேயே பக்கத்துல டெஸ்ட் பண்ணிடலாமா அண்ணி?"

"அங்க ரெண்டு வாரத்துக்கு நேரம் இல்ல. பாத்துட்டேன். நம்ம ஊர் நிலையத்துல வியாழக்கிழமை பதினொன்றரைக்கு இருக்கு. உனக்கு அன்னைக்கு லீவுதானே? நானும் வரேன். வழியில யாராவது கேட்டா பதில் சொல்ல ஆள் வேணும்."

தன் லீவு நாள் நாத்தனாருக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நாத்தனாரோடு ஒரு மணி நேரம் ஒரே காரில் உட்கார வேண்டுமே என்ற கவலையே பெரிதாக இருந்தது.

வியாழக்கிழமை காலை டாக்டர் வீட்டு வாசலில் அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டெப்போவில் தினமும் செய்வது. டயரை அழுத்திப் பார்த்தாள், விளக்குகளைப் போட்டு அணைத்தாள், குனிந்து அடியில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பார்த்தாள், பிரேக்கை நாலு தடவை மிதித்தாள். நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் முன்பதிவுத் தாள், இன்ஷூரன்ஸ், கைமாறிய பத்திரம் என்று அடுக்கி வைத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஏறப் போனாள்.

"முன்னாடி உக்காருங்க அண்ணி. நான் என்ன டாக்ஸியா ஓட்டறேன்?"

நாத்தனார் ஒரு கணம் யோசித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். உறை மடியில், கை உறைமேல்.

கிளம்பும்போது பத்தே கால் ஆகியிருந்தது. டீக்கடை வந்தது. "டெஸ்ட் முடிஞ்சப்பறம்" என்றாள் நாத்தனார். இவள் ஒன்றும் கேட்கவே இல்லை. தலை லேசாகத் திரும்பியதற்கே அந்தப் பதில். பெட்ரோல் பங்க் வந்தது. "டாக்டர்கிட்ட முன்னாடியே கேன்ல வாங்கி ஊத்தி வைக்கச் சொல்லிட்டேன். நிறுத்த வேண்டாம்." அதற்கப்புறம் பேச்சு இல்லை. முப்பது கிலோமீட்டர் கிராம்பு வாசனையும் மௌனமும்தான். இவள் காரை பஸ்போலவே ஓட்டினாள். திருப்பங்களில் அகல வளைந்தாள், வேகத்தடையில் நின்றவர்கள் விழுந்துவிடக் கூடாதே என்பதுபோல மெதுவாக ஏறி இறங்கினாள். பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

விடாது. அதுதான் இந்தக் கதையே.

ஊருக்குள் நுழைந்ததும் தண்ணீர்த்தொட்டி நாற்சந்தி வரும். சோதனை நிலையத்துக்கு அங்கே நேராகப் போக வேண்டும், இரண்டு கிலோமீட்டர். பதினேழாம் எண் பஸ்ஸுக்கு அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். மணி பதினொன்று ஏழு. நேரம் நிறைய இருக்கிறது என்று அவள் மனசு லேசானது. மனசு லேசானதும் கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. இடது விளக்கு கண் சிமிட்டியது. கார் அழகாக, அகலமாக, இடது பக்கம் திரும்பியது. கண் ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. கம்பத்துக்கு நேராக, நடைபாதையிலிருந்து ஒரு சாண் தள்ளி, பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல நிறுத்தினாள். கதவைத் திறக்கும் பொத்தானைத் தேடிப்போன விரல் எதையோ அழுத்த, வெயிலில் வைப்பர் ஓட ஆரம்பித்தது.

அப்போதுதான் விழித்துக்கொண்டாள். அதற்குள் பின்கதவு திறந்து, ஒருவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியும்விட்டார்.

தினமும் அந்த நேரத்துக்கு அந்த நிறுத்தத்தில் ஏறும் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். எலும்பும் தோலுமாக இருப்பார், கண்ணாடி மட்டும் கனம். பாஸை நீட்டினார். "என்னம்மா, பஸ் ரிப்பேரா? இன்னைக்கு சின்ன வண்டி அனுப்பிட்டாங்களா?"

அவள் வாயைத் திறக்குமுன் ஜன்னலில் ஒரு நிழல். போக்குவரத்துக் காவலர். வயது முப்பது இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, கையில் எண்ணைப் போட்டால் காரின் ஜாதகத்தையே கக்கும் கருவி.

"பஸ் நிக்கிற இடத்துல கார் நிறுத்தியிருக்கீங்க" என்றார். கருவியைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "தகுதிச் சான்றும் இல்ல. எங்க போறீங்க?"

"டெஸ்டுக்கு" என்றாள் அவள்.

"மார்க்கெட்டுக்கு" என்றார் பின்னாலிருந்து கடிகாரக்காரர், உதவி செய்கிற குரலில். "என்னைத் தினமும் இவங்கதான் மார்க்கெட்ல இறக்கி விடுவாங்க. தங்கமான பொண்ணு. ஒரு நாள் லேட் பண்ணினது கிடையாது."

காவலர் குனிந்து, பின் இருக்கையையும் நீட்டிய பாஸையும் பார்த்தார். "ஓ. ஆள் ஏத்தற வேலையா? சான்று இல்லாத வண்டியில?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. டிக்கெட் கூண்டு கண்ணெதிரே வந்து நின்றது. சின்ன ஜன்னல், சில்லறை வைக்கும் தட்டு, காலை நீட்ட இடமில்லாத முக்காலி. இத்தனைக்கும் எவன் மேலும் மோதவில்லை, எதையும் திருடவில்லை. பக்கத்தில் பார்த்தாள். நாத்தனார் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தூக்கத்திலிருந்து எழுப்பிய குழந்தைபோல விழித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் பெரிய ஹாரன் ஒலித்தது. பதினேழு. அவளுடைய பஸ்ஸேதான், தன் நிறுத்தத்தை ஒரு கார் அடைத்துக்கொண்டிருக்கும் கோபத்தில். அன்றைக்கு அவளுக்குப் பதிலாக ஓட்டும் குண்டுப் பையன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்த வாயெடுத்தவன், ஆளைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "யக்கா! லீவு நாள்லயும் ரூட் அடிக்கிறியா?"

பஸ்ஸுக்குள் பாதிப் பேர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண்மணி கையசைத்தாள். அவளுக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

காவலர் பஸ்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வண்டியை முன்னாடி ஓரமா எடுங்க."

கடிகாரக்காரருக்கு ஒருவழியாக விஷயம் புரிந்து, "ஐயையோ, நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே" என்று புலம்பியபடி இறங்கி உண்மையான பஸ்ஸுக்கு ஓடினார். அவள் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நின்றாள். நாத்தனாரும் இறங்கி, ஒவ்வொரு தாளாக எடுத்து நீட்டினாள்.

காவலர் நிதானமாகப் படித்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. பதினொன்றரைக்கு டெஸ்ட். ஆனா நிலையம் அந்தப் பக்கம் நேரா இருக்கு. நீங்க எதுக்கு இங்க திரும்பினீங்க?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. அங்கே கூட்டமாக இருந்தது, ஏதோ சத்தம் கேட்டது, வழி தெரியவில்லை. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. பதினேழாம் எண் ஓட்டுநருக்குத் தண்ணீர்த்தொட்டி நாற்சந்தியில் வழி தெரியவில்லை என்றால் குழந்தைகூடச் சிரிக்கும்.

"பழக்கதோஷம் சார்" என்றாள். "பதினாறு வருஷமா அங்க இடது பக்கம்தான் திரும்பறேன். கை திரும்பிடுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"கை திரும்பிடுச்சு" என்று காவலர் திருப்பிச் சொன்னார். பிறகு தாள்களோடு வந்த நாத்தனாரின் அடையாள அட்டையைப் பார்த்தார். "நீங்க பதிவு ஆபீஸா? சட்டம் என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். பக்கத்துலயே உக்காந்துட்டு வந்திருக்கீங்க. இவங்க திரும்பறப்ப நீங்க ஏன் சொல்லல?"

எதைக் கேட்டாலும் பிரிவு, உட்பிரிவு என்று அடுக்குகிற நாத்தனார், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்துவரை சிவந்துபோயிருந்தது.

"கண்ணை மூடிட்டிருந்தேன்" என்றாள் கடைசியில்.

"என்னது?"

"எனக்கு வண்டின்னாலே பயம். சின்ன வயசுல ஒரு தடவை பஸ் கவுந்து, நான் உள்ள இருந்தேன். யார் ஓட்டினாலும் ரோட்டையே பாத்துட்டிருப்பேன். கையெல்லாம் வேர்த்துடும். இவ ஓட்டறப்ப மட்டும்தான் கண்ணை மூடுவேன். பதினாறு வருஷமா அப்படித்தான். இவளுக்கு லீவுன்னா நான் ஆபீஸுக்கு நடந்துதான் போவேன்." செருப்பிலிருந்து கண்ணை எடுத்துக் காவலரைப் பார்த்தாள். "இன்னைக்கு மூடியிருக்கக் கூடாது. வழி பாக்கத்தான் வந்தேன். தப்பு என்மேலதான். எழுதறதுன்னா என் பேரையும் சேத்து எழுதுங்க."

இவளுக்குக் காது அடைத்ததுபோல இருந்தது. பஸ் கண்ணாடியில் பதினாறு வருடம் பார்த்த அந்த மூடிய முகத்தை, நாள் தவறாமல் தப்பாகவே படித்திருக்கிறாள். காவலர் நிற்கிறார், வழக்கு நிற்கிறது, டிக்கெட் கூண்டு நிற்கிறது. அத்தனைக்கும் நடுவில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படியும் ஒரு மானங்கெட்ட சந்தோஷமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

காவலர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரி வாக்குமூலத்தை என்ன செய்வதென்று அவர் பயிற்சியில் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

"மணி பதினொண்ணு பத்தொம்பது" என்றார். "நேரா நிலையத்துக்குப் போங்க. பதினொன்றரைக்கு நான் அங்க போன் பண்ணிக் கேப்பேன். வண்டி வந்து நின்னிருந்தா, நீங்க டெஸ்டுக்குத்தான் போனீங்கன்னு எடுத்துக்கறேன். இல்லேன்னா எல்லாத்தையும் எழுதுவேன், பஸ் நிறுத்தம் உள்பட." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார். "நீங்க கண்ணைத் திறந்து வெச்சுக்கங்க."

நாத்தனார் அதை ஆணையாகவே எடுத்துக்கொண்டாள். முன் பலகையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டதுபோல ரோட்டைப் பார்த்தாள். "நேரா... நேரா... சைக்கிள் வருது... சிவப்பு விழப்போகுது, நில்லு..." பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. பதினாறு வருடத்து மிச்சம் முழுவதும் இரண்டு கிலோமீட்டரில் வந்து கொட்டியது. இவளுக்குத் திட்டு வாங்குவதுபோலவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. வேகத்தைக் கூட்டவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினொன்று இருபத்தேழுக்குக் கார் நிலையத்தின் மஞ்சள் கோட்டுக்குள் நின்றது. பதிவு செய்யும் பெண் எண்ணைக் குறித்துக்கொண்டாள். மூன்று நிமிடத்தில் அவள் மேஜைமேல் போன் அடித்தது. எடுத்துக் கேட்டு, கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்து, "ஆமா சார், சாம்பல் கலர். வந்தாச்சு" என்று சொல்லி வைத்தாள்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே காரை மேலே தூக்கி, அடியில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள்தான் முதலில் கேட்டாள்.

"சரி, கண்ணை மூடறீங்க. புரிஞ்சுது. ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே அண்ணி? நான் உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னே நெனச்சுட்டேன்."

நாத்தனார் அவளை உண்மையான வியப்போடு பார்த்தாள். "போர்டு போட்டிருக்கே."

"என்ன போர்டு?"

"உன் தலைக்கு மேலதான். 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள்.' சிவப்புல எழுதியிருக்கு. நீ படிச்சதில்லையா?"

அவள் படித்ததில்லை. ஓட்டுகிறவளின் தலைக்கு மேலே, ஓட்டுகிறவளுக்குத் தெரியாமல், பதினாறு வருடமாக அந்தப் பலகை தொங்கிக்கொண்டிருக்கிறது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நாத்தனாருக்குக் கடைசிவரை புரியவில்லை. இருந்தாலும் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

சோதனை செய்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பாஸ். பின் டயர் ரெண்டையும் சீக்கிரம் மாத்திடுங்க." சான்றை நீட்டினார். "இனிமே எங்க வேணா போலாம்."

நாத்தனார் அந்தத் தாளை வாங்கித் தேதி, எண், முத்திரை மூன்றையும் சரிபார்த்து உறைக்குள் வைத்தாள். காரில் முன்னால் ஏறிக்கொண்டாள். வாசலைத் தாண்டியதும், காருக்குள் மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இதுல போர்டு எதுவும் இல்லையே?" என்றாள்.

"இல்ல அண்ணி. பேசுங்க."

"அப்ப சொல்றேன் கேளு. உன் வீட்டுக்காரன் சின்ன வயசுல ஒரு தடவை சைக்கிள்ல..." என்று ஆரம்பித்தவள், தண்ணீர்த்தொட்டி வருவதற்குள் பாதிக் கதையில் நிறுத்திவிட்டாள். இவள் திரும்பிப் பார்த்தாள். நாத்தனாரின் தலை இருக்கையில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. கை உறைமேலிருந்து நழுவி மடியில் கிடந்தது.

நாற்சந்தியில் வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிர்ப் பக்கமிருந்து வருவதால், பதினேழு திரும்பும் அதே தெருதான் அது. அவள் வலது விளக்கைப் போட்டாள், இந்தத் தடவை யோசித்து. பிறகு அகலமாக, மெதுவாக வளைந்தாள், உள்ளே ஆள் தூங்குகிறதே.